வயரைக் கழற்றிய பிறகு

அனலொக் டிரம் சிந்தசைசர் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியவரிடம் உண்மையில் என்ன இருக்கிறது என்ற கேள்வி நெடுநாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. பெட்டி அவருடையது, பற்றுச்சீட்டும் அவர் பெயரில். ஆனால் நேற்றிரவு அதிலிருந்து எழுந்த அடி இன்று காலை அதற்குள் இல்லை. வயர்களைக் கழற்றிக் குமிழ்களைத் திருப்பிவிட்டால் அந்த அடி எங்கேயும் இல்லை. திரும்ப வரவழைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வயராக மாட்டிக் காதால் தேட வேண்டும். தேடிக் கிடைப்பதும் நேற்றையதற்கு நெருங்கி வருமே தவிர அதுவாகவே இராது. பொத்தானை அமுக்கினால் நினைத்த ஒலி வந்து நிற்க வேண்டும் என்று கீபோர்டும் கைபேசியும் பழக்கிவிட்ட காதுக்கு இது பெரிய குறை. இலட்சக்கணக்கில் விலை கொடுத்து மறதியையா வாங்குவது என்று கேட்பவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. என் எண்ணம் வேறு பக்கம் போகிறது. இந்த மறதி ஒரு பலம் என்றும், மாத்தளைப் பக்கத்து உக்குவளையின் மலைச்சரிவுகளில், தோட்டத்து லய வாசலில் தப்பு என்ற பறையைக் காய்ச்சிய மனிதர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விடயம் என்றும் தோன்றுகிறது. அப்படித் தோன்றும்போதே ஒரு கூச்சமும் கூட வருகிறது. ஒருவர் தன் விருப்பத்துக்கு வாங்கிய மறதியையும், இன்னொருவர் மேல் பிறப்பைக் காரணம் காட்டிச் சுமத்தப்பட்ட உழைப்பையும் ஒரே தட்டில் வைக்கலாமா? இந்தக் கூச்சத்தைத் தாண்டிப் போகாமல், அதோடேயே சேர்த்து யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் கருவியைக் கிட்டே வைத்துப் பார்க்கலாம். விளாட் கிரெய்மர் என்பவரின் சோமா பட்டறையிலிருந்து வந்த பல்சர்-23 இந்த வகையில் மிகவும் விசித்திரமானது. மற்றக் கருவிகளில் வயர் செருகுவதற்குத் துளைகள் இருக்கும். இதில் துளைகளுக்குப் பதிலாக, முகப்பெங்கும் குட்டையான உலோக முனைகள் நட்டு நிறுத்தப்பட்டிருக்கின்றன. ரேடியோ பழுதுபார்ப்பவர் பயன்படுத்துகிற அதே குரொக்கடைல் கிளிப்பை, பல் பதியக் கவ்வ வைத்து, ஒரு முனையை இன்னொரு முனையோடு இணைப்பதுதான் பேட்ச் போடுவது. பெரிய டிரம், அடித்தொனி, பக்க டிரம், தகட்டுத் தாளம் என்று நான்கு ஒலியூற்றுகள். தாளத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டும் லூப்பும் எதிரொலிப் பகுதியும் டிஜிட்டல்; அடிக்கும் ஒலியோ சுத்தமான அனலொக். போட்ட பேட்சைச் சேமித்து வைக்க இடமில்லை. இதில் என்னை மிகவும் கவர்வது, கிளிப்பே இல்லாமல் இரண்டு முனைகளில் இரண்டு விரலை வைத்தாலும் இணைப்பு உண்டாகிவிடும் என்பது. உடம்பு ஒரு மின்தடையாக வேலை செய்கிறது. விரல் உலர்ந்திருந்தால் ஒரு மாதிரி, வியர்த்திருந்தால் ஒரு மாதிரி. அழுத்தி வைத்தால் மின்னோட்டம் கூடி ஒலி சீறும், பட்டும் படாமலும் வைத்தால் முனகும். வாசிப்பவரின் தோல் கருவிக்குள் ஒரு உறுப்பாகச் சேர்ந்துவிடுகிறது. அவர் எழுந்து போய்விட்டால் அந்த உறுப்பும் போய்விடும். கருவியை இன்னொருவருக்கு விற்கலாம். அந்த விரலின் ஈரத்தை விற்க வழியில்லை.

தப்பிலும் தோல்தான் எல்லாம், ஆனால் அங்கே நெருப்பு வேண்டும். மரவளையத்தில் இழுத்துக் கட்டிய கன்றுத் தோலோ ஆட்டுத் தோலோ மலைப்பனியில் ஈரம் குடித்துத் தொய்ந்து கிடக்கும். அந்த நிலையில் அடித்தால் தொப்பென்று மண்ணில் விழுந்த மாதிரி ஒரு சத்தம். சருகும் கடதாசியும் கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறும் போட்டு மூட்டிய தீயில் தோலைக் காட்டி, வளையத்தைத் திருப்பித் திருப்பிக் காய்ச்ச வேண்டும். நடுவில் மட்டும் சூடு ஏறினால் ஒலி நொண்டும், ஓரத்தில் கருகினால் தோல் தெறித்துவிடும். நடுநடுவே விரல் நுனியால் சுண்டிப் பார்ப்பார்கள். தொப் என்றது டப் ஆகி, டப் என்றது கணீரென்று எழும் கணத்தில் தீயை விட்டு எடுத்து, இடக்கையில் நீண்ட சிண்டுக்குச்சியும் வலக்கையில் குட்டையான அடிக்குச்சியுமாக நிற்பார்கள். அந்தச் சூடு எவ்வளவு நேரம் நிற்கும் என்பது பனியைப் பொறுத்தது. இறங்கியதும் மறுபடி தீயண்டை போக வேண்டும். ஒரு காமன் கூத்தின் இரவு முழுவதும், ரதியும் மதனும் ஆடி முடித்து, சிவன் எரித்து முடிக்கும் வரை, தப்புக் கூட்டத்தில் யாராவது ஒருவர் தீயோரம் குந்தியபடிதான் இருப்பார். தப்பின் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் வளையத்தையும் தோலையும் காட்டலாம். ஆனால் அதன் குரல் ஒவ்வொரு முறையும் தீயிலிருந்து மீட்கப்பட வேண்டியது. ஆணியில் மாட்டிவைத்த தப்பில் அது இல்லை.

இது வெறும் கற்பனை ஒற்றுமை என்று ஒதுக்கிவிடலாம், சுற்றின் உள்ளே போய்ப் பார்க்காவிட்டால். 1980இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டி.ஆர்.-808 என்ற தாளப்பெட்டியின் பெரிய டிரம் ஒலி, சில மின்தடைகளும் மின்தேக்கிகளும் ஒப்-அம்ப் என்ற பெருக்கிச் சில்லைச் சுற்றிப் பாலம் போல அமைந்த மிக எளிய சுற்றிலிருந்து வருகிறது. அந்தச் சுற்று தானாக ஒலிக்காது. அதிர்வதற்கு ஒரு படி முன்னால், விளிம்பில் நிறுத்தி வைத்திருப்பார்கள். ஒரு குறுகிய மின்துடிப்பை அதன் மேல் எறிந்தால், 50 ஹேர்ட்ஸை ஒட்டிய ஒரு அதிர்வாகக் கிளம்பி, மெல்ல மெல்ல அடங்கும். குச்சி பட்ட தோல் செய்வதும் இதைத்தான்: தள்ளப்படும், அதிரும், காற்றுக்கும் மரத்துக்கும் சக்தியைக் கொடுத்து அடங்கும். இரண்டுக்கும் கணக்கு ஒன்றே. அடங்கும் நேரத்தைக் கூட்டுகிற குமிழைத் திருப்புவது, தோலின் ஈரத்தைச் சூட்டால் போக்குவதற்கு வெகு அருகில் வருகிற செயல். பதிவு செய்யப்பட்ட ஒலியை ஓட்டும் கருவிகளில் இப்படி எதுவும் நடப்பதில்லை. அங்கே அடி முன்பே விழுந்துவிட்டது. எப்போதோ, எங்கேயோ, யாரோ அடித்தது. அனலொக் சுற்றில் ஒவ்வொரு அடியும் இப்போதுதான், இந்த வெப்பத்தில், இந்த மின்னழுத்தத்தில் பிறக்கிறது. டிரான்சிஸ்டரின் உள் மின்னழுத்தம் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும் என்பது பாடப்புத்தகச் செய்தி. அந்த இரண்டு மில்லிவோல்ட்டுக்கு இசைவாகச் சுருதியும் நகரும். அதனால்தான் பழைய அனலொக் கருவிகளைப் போட்டுச் சூடேறும் வரை காத்திருந்து பிறகு வாசிப்பது வழக்கம். காய்ச்சுவது அங்கேயும் உண்டு.

இன்னொரு ஒற்றுமை எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 1920இல் சி.வி. இராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து நேச்சர் இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். வட்டமான தோல் ஒன்றை அடித்தால் எழும் மேல்தொனிகள் அடித்தொனியின் முழு மடங்குகளாக வருவதில்லை, 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று கோணலாகவே வரும். மிருதங்கத்திலும் தபேலாவிலும் நடுவில் அப்பிய கரிய பசையான கரணையின் பாரம் இந்தக் கோணலை நேராக்கி, மேல்தொனிகளை முழு மடங்குகளாக்கிவிடுகிறது என்று அவர் காட்டினார். 1930களில் அதை விரிவாகவும் எழுதினார். மிக அழகான ஆராய்ச்சி அது. ஆனால் அந்த அழகின் நிழலில் ஒரு தீர்ப்பும் நம்மிடையே தங்கிவிட்டது. சுருதி சேரும் தோல்கருவி இசைக்கருவி, சேராதது வெறும் சத்தம் என்ற தீர்ப்பு. இராமன் அப்படிச் சொல்லவில்லை. கச்சேரி மேடையும் அதன் ரசிகர்களும் அதற்கு வெகுகாலம் முன்பே சொல்லிவிட்டார்கள். தப்பில் கரணை இல்லை. அதன் மேல்தொனிகள் கோணல்கோணலாக, ஒன்றின் மேல் ஒன்று இடித்துக்கொண்டுதான் எழும். மலைக்கு மலை தாண்டிக் கேட்கும் அந்த ஒலி, இன்ன சுருதி என்று பிடிபடாமல் நெஞ்சுக்கூட்டில் அதிர்வது அதனால்தான். 808இன் தகட்டுத் தாள ஒலியைச் செய்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஒன்றுக்கொன்று முழுவிகிதத்தில் பொருந்தாத ஆறு சதுர அலைகளை வேண்டுமென்றே ஒன்றாகக் கலந்து, வடிகட்டியில் விட்டார்கள். அதே பெட்டிக்காக, இரைச்சல் கூடியவை என்று தொழிற்சாலை கழித்துவிட்ட டிரான்சிஸ்டர்களை ரோலண்ட் நிறுவனர் இக்குதாரோ காக்கெஹாஷி தேடி வாங்கினார். அந்தக் கழிவு கிடைக்காமல் போனபோது 1983இல் 808இன் உற்பத்தியே நின்றது. சுருதி சேராததை உலகம் தேடிப்போய்க் காசு கொடுத்து வாங்கிய காலத்தில், அதே குணத்துக்காக இங்கே ஒரு கருவியும் அதை அடித்தவர்களும் வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

உக்குவளையை இந்த யோசனைக்குள் இழுப்பது தப்புக்காக மட்டும் இல்லை. பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர் சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக மலையைக் குடைந்து வந்து உக்குவளை மின்நிலையத்தின் சுழலிகளைத் திருப்பி, சுது கங்கையில் விழுகிறது. 1976 முதல் அந்தச் சுழலிகள் நாட்டின் மின்வலையோடு சேர்ந்து, நொடிக்கு 50 சுழற்சி கொண்ட மாற்று மின்சாரத்தைத் தருகின்றன. சரியாக நிலத்தொடுப்பு இல்லாத ஒலிபெருக்கியில் கேட்கும் அந்த ஓயாத உறுமல் இந்த 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான். சுவருக்குள் ஓடும் வயரிலிருந்து மனித உடம்பும் அதை வாங்கிக்கொள்ளும். பல்சரின் உலோக முனையில் விரல் வைத்தால், விரலோடு சேர்ந்து மின்வலையின் உறுமலும் சுற்றுக்குள் நுழைய இடமுண்டு. பெரிய டிரம்மின் அடியையும் அதே 50 ஹேர்ட்ஸுக்கு அருகில் வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று உரசித் துடிக்கும். உக்குவளையில் ஒருவர் இந்தக் கருவியைத் தொட்டால் மகாவலியின் தண்ணீர் சுழற்றிய சுழலியும் அந்தத் தாளத்தில் ஒரு சிறு பங்கு வகிக்கும். இதைக் கவித்துவத்துக்காகச் சொல்லவில்லை; இது மின்னியல். அதே சமயம் நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கும் நீர் ஓடும் மலைகளில் எத்தனை லயங்களுக்கு மின்சாரம் எவ்வளவு பிந்தி வந்தது என்பதையும், 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்களையும் மறந்துவிட்டு இந்தக் கருவியைப் பற்றிப் பேச முடியாது. மின்சாரம் நின்றால் பல்சர் ஊமை. தப்புக்கு மிலாறு போதும்.

இனி, ஒலியைச் சேமித்து வைக்கும் கருவிகளின் பக்கம். இன்றைக்குத் தமிழர் நிகழ்ச்சி எதிலும், மாத்தளையிலோ கண்டியிலோ மெல்லிசைக் குழு மேடை ஏறினால், ஓரத்தில் ஒரு ஒக்டபேட் நிற்கும். 1985இல் ரோலண்ட் கொண்டுவந்த அந்த வடிவம் பின்னர் தானே ஒலிகளையும் சுமக்கும் கருவியாக வளர்ந்தது. இப்போதைய வகைகளில் தவில், உடுக்கை, பம்பை, பறை எதை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். எட்டு ரப்பர் சதுரங்களில் ஒன்றைக் குச்சியால் தட்டினால் காய்ச்சிய தோலின் கணீர் ஒலி வரும். எந்தத் தோல்? யார் காய்ச்சியது? எந்தத் தீ? கோப்பின் பெயரில் அந்தத் தகவல் இராது. ஒரு நாளின், ஒரு சூட்டின், ஒரு கையின் ஒரே ஒரு அடி ஆயிரம் மேடைகளில் மாறாமல் விழுந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில்களில் இதைவிட அப்பட்டமான ஒன்று உண்டு: மோட்டார் சுழல, கம்பி தூக்கித் தட்ட, முரசும் மணியும் சேகண்டியும் சேர்ந்து ஒலிக்கும் மின்மேளம். தீபாராதனை நேரத்தில் சுவிட்சைப் போட்டால் போதும். மேளக்காரர் வரவில்லை என்ற கவலை இல்லை, அவருக்குக் கொடுக்க வேண்டியதும் இல்லை. இந்த இரண்டிலும் ஒலி மனிதரிடமிருந்து கழன்று, வைத்துக்கொள்ளக்கூடிய, நகலெடுக்கக்கூடிய, விற்கக்கூடிய பொருளாகிவிட்டது. ஒலியை உடைமையாக்கிக்கொள்ளக் கிடைத்த முழுமையான வழி இது. அனலொக் டிரம் சிந்தசைசர் இதே மின்னணுக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும் இந்த விடயத்தில் எதிர்த் திசையில் நிற்கிறது. அதனால் தப்பின் இடத்தைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் அது தப்பைப் போல ஒலிப்பதில்லை. தானே ஒரு வாத்தியமாக நின்று, ஒரு ஆளைத் தன் முன்னால் உட்கார வைக்கிறது.

ஆள் போன பிறகு என்ன நடக்கும் என்பதற்கு அகமதாபாத் நல்ல சாட்சி. 1969இல் அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் வந்து ஒரு மூக் சிந்தசைசரை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. ஷர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அதில் வேலை செய்தார்கள். அலமாரி அளவு கருவி, முன்னால் கொடிகளாகத் தொங்கும் வயர்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு போல் பர்கஸ் என்ற பிரித்தானியக் கலைஞர் அந்த நாடாக்களை ஆவணக்காப்பகத்தில் கண்டெடுத்தார். 2023இல் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பு வெளிவந்தது. கேட்டால் ஷர்மாவின் சில துண்டுகளில் நடனத் தாளம் துள்ளுகிறது. டெட்ரொய்ட் நகரத்து இளைஞர்கள் இயந்திர நடன இசையைத் தொடங்குவதற்குப் பத்தாண்டுக்கு மேல் முந்தியது இது. ஆனால் நாடாக்களில் இருப்பது அந்த மாலைகளின் விளைவு மட்டுமே. எந்த வயர் எங்கே போனது, குமிழ் எந்த இடத்தில் நின்றது, யாருடைய கை எப்போது தயங்கியது என்பதை நாடாவிலிருந்து எடுக்க இயலாது. பதிவு கிடைத்தது பெரும் பேறு, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. பதிவு வேறு, பயிற்சி வேறு என்பதையே அது காட்டுகிறது. அந்த அறையில் தொடங்கிய பயிற்சி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகாததால், 2023இல் நாடாவைக் கேட்ட இளைஞருக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. தப்பு இத்தனை தலைமுறை தாண்டி வந்ததற்குக் காரணம் யாரும் அதைப் பதிவு செய்து பாதுகாத்தது இல்லை. தீயோரம் குந்தியிருந்த பெரியவருக்குப் பக்கத்தில் ஒரு சிறுவன் குந்தியிருந்தான், அவ்வளவுதான்.

இங்கேதான் கடினமான மறுப்பு வருகிறது, வரவும் வேண்டும். அந்தச் சிறுவன் ஏன் அங்கே குந்தியிருந்தான்? விரும்பியா? மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்து, வழியில் செத்தவர் போக மிஞ்சியவர்கள் தோட்டங்களில் குடியேறியபோது, ஊரில் இருந்த சாதியும் கூடவே வந்து லயத்தில் குடியேறியது. சாவுக்குத் தப்படிப்பது இன்னாரின் கடமை என்பது இங்கேயும் எழுதாத சட்டமானது. தோட்ட நிர்வாகம் அதோடு இன்னொரு சுமையையும் சேர்த்தது. விடியுமுன் பெரட்டுத் தப்பு அடித்து லயங்களை எழுப்ப வேண்டும். அந்தச் சத்தத்தில் எழுந்துதான் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். தூக்கத்தைக் கிழித்த அந்த ஒலியைத் தாத்தாக்கள் இசையாகக் கேட்டிருப்பார்கள் என்று நினைப்பது நியாயமில்லை. கண்டிச் சிங்களக் கிராமங்களிலும் பெரவாயர் என்ற பறைஞர் சாதிக்கு மேளம் இராஜகாரியக் கடமையாகவே இருந்தது. 1830களில் ஆங்கிலேயர் அந்தக் கட்டாயச் சேவையை ஒழித்த பிறகும் சாதி ஒழியவில்லை. தமிழ்நாட்டில் எல். இளையபெருமாள் போன்ற தலைவர்கள் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று சொல்லச் சொன்னதற்குப் பின்னால் நூற்றாண்டுகளின் அவமானம் இருந்தது. ஆகவே ஒருவர் இப்படிக் கேட்கலாம்: ஆள் நேரில் வர வேண்டும், ஒவ்வொரு தடவையும் தீ மூட்ட வேண்டும் என்பதை நீங்கள் பலம் என்கிறீர்கள், அந்த ஆளுக்கு அதுதானே சங்கிலி? ஒக்டபேட்டில் ஏறிய ஒலி, எந்தச் சாதியின் தலையிலும் கடமையாக விடியாமல், யார் வேண்டுமானாலும் தட்டக்கூடியதாக ஆனது விடுதலை இல்லையா?

இந்தக் கேள்விக்கு முன்னால் அவசரமாகப் பதில் சொல்லக் கூடாது. விடுதலை என்ற சொல்லில் பாதி உண்மை இருக்கிறது. கட்டாயம் போனது விடுதலைதான். தப்பைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு தொழிலுக்குப் போனவர்களைப் பார்த்து, கலை அழிகிறதே என்று புலம்புவதற்கு வெளியில் நிற்பவருக்கு உரிமை கிடையாது. ஆனால் பதிவான ஒலியால் விடுதலை பெற்றது யார்? சாவு வீட்டுக்காரரும் கோயில் நிர்வாகமும் மேடைக் குழுவும் தப்புக்காரரிடமிருந்து விடுதலை பெற்றார்கள். தப்புக்காரர் கூலியிலிருந்து விடுவிக்கப்பட்டார். இழிவு என்று சொல்லி ஆளைத் தள்ளிவிட்டு, இனிமை என்று சொல்லி ஒலியை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டது நடந்திருக்கிறது. சாதி தீண்டாமல் வைத்தது கையைத்தான், சத்தத்தை இல்லை என்பது இப்போது நிரூபணமாகிவிட்டது. வேறொரு வழி இருந்தது, அதைக் காட்டியவர்களும் உண்டு. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையில் எடுத்துச் சாவு வீட்டிலிருந்து அதை மேடைக்கு நடத்தி வந்தார்கள். அங்கே ஆளும் தீயும் உழைப்பும் முன்பு போலவே இருந்தன. மாறியது இரண்டு: அடிப்பதா வேண்டாமா என்பதை அவர்களே தீர்மானித்தார்கள், அடித்ததற்கு மதிப்பும் பணமும் கேட்டு வாங்கினார்கள். ஆள் நேரில் இருக்க வேண்டியது சங்கிலியாவது, வராமல் இருக்க அந்த ஆளுக்கு உரிமை இல்லாதபோதுதான். சிந்தசைசரின் முன் உட்காருகிறவருக்கு அந்த உரிமை முழுதாக உண்டு. சோம்பலாக இருந்தால் பெட்டியை மூடிவிடலாம். இரு கருவிகளையும் ஒப்பிடுவதில் உள்ள கூச்சம் இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். கருவிகளுக்கிடையே பிளவு குறைவு, அவற்றைத் தொடும் மனிதர்களின் நிலையில்தான் பிளவு பெரிது.

விலையைப் பற்றிய மறுப்பு இதைவிடச் சுலபமானது, ஆனால் அதையும் தட்டிக் கழிக்க முடியாது. பல்சர்-23 ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர். இலங்கை ரூபாவில் 6 இலட்சத்தைத் தொடும், அதுவும் வரிக்கு முன்னால். 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் ஒருவர் சாப்பிடாமல், வட்டி கட்டாமல், 400 நாள் கொழுந்து எடுத்தாலும் இந்தப் பெட்டியை வாங்க முடியாது. இப்படிப்பட்ட பொருளை வைத்துக்கொண்டு உழைப்பின் மேன்மை பேசுவது கூசத்தான் செய்கிறது. ஆனால் மேலே சொன்ன 808 டிரம் சுற்றின் உறுப்புகளைக் கணக்குப் பாருங்கள்: ஒரு ஒப்-அம்ப், கைப்பிடி மின்தடைகள், இரண்டு மூன்று மின்தேக்கிகள், ஒன்பது வோல்ட் பற்றரி. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சில நூறு ரூபாய்க்கு எல்லாம் கிடைக்கும். ஈயப் பற்றுவைப்பு தெரிந்த பையன் மாத்தளைத் தொலைபேசிக் கடைகள் எல்லாவற்றிலும் இருக்கிறான். அவன் செய்யும் அடி முதலில் மொட்டையாக இருக்கும். மின்தேக்கியை மாற்றினால் ஆழம் மாறும், ஒரு தடையை மாற்றினால் அடங்கும் நேரம் மாறும். எப்போது சரியாக வந்தது என்று எந்தப் பாடப்புத்தகமும் அவனுக்குச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய காது உக்குவளையைச் சுற்றிய தோட்டங்களில் இன்னும் சில பெரியவர்களிடம் இருக்கிறது. தோல் ஏறிவிட்டதா இறங்கிவிட்டதா என்பதை ஒரே சுண்டலில் அறியும் காது. அந்தக் காதையும் இந்த ஈயக்கம்பியையும் ஒரு மேசையில் சேர்த்து வைத்தால் என்ன பிறக்கும் என்பதை யாரும் தீவிரமாக முயன்று பார்த்ததாக நான் அறியவில்லை என்பதே எனக்கு மனம் ஆறாத விடயம்.

சடங்கைப் பற்றி ஒரு சொல். காமனை எரிக்கும் இரவில் ஒரு சிந்தசைசரைக் கொண்டுபோய் வைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். தப்புக்குச் சாமி அடி உண்டு, சாவு அடி உண்டு. எந்த அடிக்கு யார் மேல் என்ன இறங்கும் என்பது அந்தக் கூட்டத்துக்குத் தெரியும். அனலொக் சுற்றுக்கு அப்படி ஒரு சமூக நினைவு கிடையாது, அதை இரவல் வாங்கவும் கூடாது. இரண்டையும் அருகருகே வைத்ததற்குக் காரணம் கருவிக்கு அந்தஸ்து தேடுவது இல்லை. ஒலி என்பது சேமித்து வைக்கும் சரக்கு என்ற எண்ணம் நம்மிடையே எவ்வளவு வேகமாக, எவ்வளவு எதிர்ப்பின்றி வேரூன்றிவிட்டது என்பதைப் பார்ப்பதற்கு, அந்த எண்ணத்துக்கு அடங்காத ஒரு புதிய கருவியும் ஒரு பழைய கருவியும் உதவுகின்றன. தொகுதி தொகுதியாக நாட்டார் தாளக் கோப்புகள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் வாசித்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, அடியின் பெயர்கூட இல்லை.

ஆகவே மேடையில் ஒக்டபேட் வாசிக்கும் தம்பிமாரிடமும், வீட்டில் கணினியில் தாளம் கோக்கும் பிள்ளைகளிடமும் கேட்பது இதுதான். நீங்கள் ஏற்றி வைத்திருக்கும் அந்தப் பறை ஒலி யார் அடித்தது என்று ஒரு முறை தேடுங்கள். தெரியவில்லையென்றால் அதை நீக்கிவிட்டு, உங்கள் தோட்டத்தில், உங்கள் மாவட்டத்தில் தப்பு காய்ச்சத் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள், அவருக்கு விருப்பம் இருந்தால். அவர் சொல்கிற கூலியை முதலில் கொடுங்கள். எத்தனை தடவை சூடு காட்ட வேண்டுமென்று அவர் நினைக்கிறாரோ அத்தனை தடவையும் காத்திருங்கள். பதிவு செய்த கோப்பில் அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதுங்கள். அது விலைபோகும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு பங்கு போகட்டும்.